ஷட்டர் வைத்த அருவி

கஷ்டப்படாமல் கிடைக்கிற எதையும் நான் நம்புவதில்லை. அதனால் அந்த அருவியை எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை.

மலை, காடு, தேசியப் பூங்கா என்றெல்லாம் மகள் போனில் சொன்னபோது, மூச்சு வாங்க ஏறி, முள்ளில் கிழிபட்டு, நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் போகவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பழைய பேண்ட்டும் கனமான பூட்சுமாக வந்திருந்தேன். இங்கே வந்து பார்த்தால் பேருந்து நிற்கிற இடத்திலிருந்து அருவிவரை சிமெண்ட் பாதை. இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. அங்கங்கே பெஞ்சு. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவரை ஒரு பெண் போனில் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போனாள். குதிகால் உயர்ந்த செருப்பு போட்ட ஒருத்தி என்னைத் தாண்டிப் போய், என் பூட்சைத் திரும்பிப் பார்த்தாள். ‘எல்லோரும் எளிதில் செல்லக்கூடிய நீர்வீழ்ச்சி’ என்று பலகை வேறு. ஓர் அருவி தன்னைப் பற்றி இப்படி விளம்பரம் செய்துகொள்ளலாமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

நான் அருவி பார்க்க வரவில்லை. மகள் கட்டிக்கொள்ள நினைக்கிற பையனைப் பார்க்க வந்தேன். அவள் மலையடிவார ஊரில் ஒரு பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். பெண்கள் விடுதியில் இருக்கிறாள். பையனுக்கு இந்தப் பூங்காவில் வேலை. “ஒரு நாள் வந்து பாருங்கப்பா. பார்த்துட்டு சரியா இல்லையான்னு சொல்லுங்க. நீங்க சரின்னு சொல்லாம நான் கட்டிக்க மாட்டேன்” என்று போன வருஷமே சொல்லிவிட்டாள். நான்தான் சாக்குச் சொல்லி இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். ஒரே மகள். சரி என்று சொன்னால் போய்விடுவாள், இல்லை என்றால் முகம் வாடிவிடும். இரண்டுமே எனக்கு வேண்டாம். ஆனால் அவள் இந்த முறை விடவில்லை.

பையன் பச்சை நிறச் சீருடைச் சட்டையில் பேருந்து வாசலிலேயே நின்றிருந்தான். நான் மனசுக்குள் அவனுக்குப் பச்சைச் சட்டை என்று பெயர் வைத்தேன். கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். என் மனைவியிடம், “பார்த்து இறங்குங்க, படி உயரம்” என்றான்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை” என்றாள் அவள்.

நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவள் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். முதல் தடவை பார்க்கிற பையன், நான் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் மாப்பிள்ளையாம். சரி, பெண்ணைப் பெற்றவளின் அவசரம் என்று விட்டுவிட்டேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிக்கிற ஆள் நான். தெரு அடங்கிய பிறகு ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டால், மண்ணுக்கு அடியில் எங்கே தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவேன். பகலில் மீட்டர் பார்க்கிற வேலை. மீட்டருக்கு முன்னாலேயே திருட்டுக் குழாய் இழுத்து வைத்திருக்கிற வீடுகளைப் பிடிப்பது. பெரிய வீடு, தோட்டம் பசேல் என்று இருக்கும், பில் மட்டும் கொஞ்சமாக வந்தால் எனக்கு மூக்கு வியர்த்துவிடும். இத்தனை வருஷத்தில் என் சந்தேகம் ரொம்பத் தப்பாகப் போனதில்லை. வீட்டில்தான் அதற்கு மரியாதை இல்லை.

பாதையில் நடந்துகொண்டே விசாரணையை ஆரம்பித்தேன்.

“தம்பிக்கு இங்க என்ன வேலை?”

“பராமரிப்பு சார்.”

“எதைப் பராமரிக்கிறீங்க?”

“எல்லாத்தையும்தான். பாதை, கம்பி, பெஞ்சு...”

“அருவியை?”

அவன் சிரித்தான். சிரித்தானே தவிர பதில் சொல்லவில்லை. என் மகளுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

“வீட்ல யார் யாரு?”

“அண்ணன் வெளியூர்ல இருக்கார் சார். அப்பா அம்மா இல்ல.”

“குடி, சிகரெட்?”

“அப்பா” என்றாள் மகள்.

“கேட்கிறதுல என்ன இருக்கு? மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா பதில் சொல்லிட்டுப் போறார்.”

“இல்ல சார்” என்றான் பச்சைச் சட்டை. எதைக் கேட்டாலும் உடனே பதில். கோபம் இல்லை, தயக்கம் இல்லை. சம்பளம் கேட்டேன், சொன்னான். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை ஏதும் குடும்பத்தில் உண்டா என்று கேட்டேன், அண்ணனுக்குச் சர்க்கரை என்றான். பிடி கொடுக்காத ஆளைக்கூட நம்பலாம். இப்படி எல்லாப் பிடியையும் தானே எடுத்துக் கையில் கொடுக்கிறவனை எப்படி நம்புவது.

அருவி வந்துவிட்டது. நாலு வளைவு திரும்பினால் எதிரே நிற்கிறது. உயரமான பாறை, நடுவில் வெள்ளையாகத் தண்ணீர், கீழே குளம் மாதிரி ஒரு தேக்கம், அதைச் சுற்றி அரைவட்டமாகப் பெஞ்சுகள். ஜனங்கள் அருவிக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

என் மனைவி நேராகப் போய் இடது ஓரத்தில் இருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் நடுவில், அருவிக்கு எதிரில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. சாரல் அடித்து என் சட்டை, கண்ணாடி எல்லாம் நனைந்தன. அவள் மேல் ஒரு துளி இல்லை.

“இங்க வந்து உக்காருங்க, இந்தப் பக்கம் அடிக்காது” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பார்த்தாத் தெரியாதா? பெஞ்சு காஞ்சு கிடக்கு.”

நியாயமான பதில். ஆனால் என் மனைவி பெஞ்சு காய்ந்திருக்கிறதா என்று பார்த்து உட்காருகிற ஜாதி இல்லை. பஸ்ஸில் ஈர சீட்டில் உட்கார்ந்துவிட்டு என்னைத் திட்டுகிறவள்.

“இந்த வெயில் காலத்துல இவ்வளவு தண்ணியா?” என்று பச்சைச் சட்டையிடம் கேட்டேன்.

“மேல நல்ல மழை சார். அதான்.”

சொல்லிவிட்டு, “ஒரு சின்ன வேலை இருக்கு, இதோ வந்துடறேன்” என்று கிளம்பினான். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். மேலே மழை பெய்தால் அருவி தேநீர் நிறத்தில் வரும். இலை, சுள்ளி, மண் எல்லாம் அடித்துக்கொண்டு வரும். இதில் ஓர் இலை இல்லை. அடுத்து, சத்தம். காட்டில் இருந்து வருகிற தண்ணீர் ஒரே மாதிரி விழாது. கூடும், குறையும், நடுவில் செருமும். இது ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது, எங்கள் வாரியத்தில் தொட்டி நிரப்புகிற குழாயைப் போல. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தம் ஒரு படி தடித்தது. கண்ணைத் திறந்தால் தண்ணீர் அகலமாகியிருந்தது. ஜனங்கள் ஆஹா என்றார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பச்சைச் சட்டையையும் காணவில்லை.

மழையாம். யார் காதில் பூ சுற்றுகிறான்.

“பாத்ரூம் போயிட்டு வரேன்” என்று எழுந்தேன்.

“பாத்ரூம் அந்தப் பக்கம்” என்றாள் மனைவி. இதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் எதிர்ப்பக்கம் போனேன். பாறைக்குப் பின்னால் ஒரு சங்கிலி கட்டி, ‘பணியாளர்கள் மட்டும்’ என்று தகரம் தொங்கியது. நானும் ஒரு பணியாளர்தான், எந்த இடத்துப் பணியாளர் என்று தகரத்தில் சொல்லவில்லை. தாண்டிப் போனேன். இதுதான் கஷ்டமான வழி. பூட்சுக்கு அப்போதுதான் வேலை வந்தது. கொஞ்சம் ஏறியதும் ஒரு சிறிய கான்கிரீட் தடுப்புச் சுவர். அதன் நடுவில் இரும்பு ஷட்டர். ஷட்டருக்கு மேலே பேருந்து ஸ்டீயரிங் அளவுக்கு ஒரு சக்கரம். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றான் பச்சைச் சட்டை.

கையும் களவுமாக ஆளைப் பிடிக்கிற அந்த நிமிஷம் இருக்கிறதே, அது எனக்குச் சாப்பாட்டைவிடப் பெரிது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“மேல மழை நல்லாப் பெய்யுதா தம்பி?” என்றேன்.

அவன் திடுக்கிடவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “பார்த்து வாங்க சார், அந்தக் கல்லு ஆடும்” என்றான்.

எல்லாவற்றையும் அவனே சொன்னான். ஓடைத் தண்ணீர் குழாய் வழியாகக் கீழ் ஊருக்குக் குடிக்கப் போகிறது. பார்வையாளர் வருகிற நேரத்துக்கு மட்டும் அருவிக்கென்று ஒரு பங்கு உண்டு. காலையில் திறப்பதும் சாயங்காலம் மூடுவதும் கூட்டத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பதும் இவன் பொறுப்பு. “ரகசியம் ஒண்ணும் இல்ல சார். கீழ வண்டி நிறுத்துற இடத்துல போர்டு போட்டிருக்கு. யாரும் படிக்கிறதில்ல.”

“அப்போ எதுக்கு மழைன்னு பொய் சொன்னீங்க?”

அவன் அசடு வழியச் சிரித்தான். “அவதான் சார் சொல்லச் சொன்னா. அப்பா எப்படியும் கண்டுபிடிச்சிடுவார், கண்டுபிடிச்சா அவருக்குச் சந்தோஷமா இருக்கும்னா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரைத் திறந்து மூடுகிறவன். ஒரு வகையில் எங்கள் துறை. சக்கரத்தைப் பார்த்தேன், கிரீஸ் சுத்தமாகப் போட்டிருந்தது. ஷட்டர் அடியில் கசிவு இல்லை. பையன் வேலையில் குறை இல்லை என்று மனசு சொன்னது. கீழே இறங்கி வரும்போது ஆடுகிற கல்லில் அவன் கை கொடுத்தான். நானும் பிடித்துக்கொண்டேன்.

“என்ன, ஏதோ கிடைச்சிடுச்சு போல. முகம் பளபளன்னு இருக்கு” என்றாள் மனைவி.

“ஷட்டர் வெச்ச அருவி” என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். பையனின் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று மகள் சொன்னதும் உடனே சரி என்றேன். “நானே இன்னும் வீட்டைப் பார்த்ததில்ல. உங்களோடதான் முதல் தடவை போகணும்னு இருந்தேன்” என்றாள்.

பணியாளர் குடியிருப்புக்குப் போகிற வழியில்தான் என் சந்தோஷத்தில் ஓட்டை விழுந்தது.

திருட்டு இணைப்பு வைத்திருக்கிற கெட்டிக்கார வீட்டுக்காரர்கள் ஒரு காரியம் செய்வார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் வாசல் குழாயைச் சொட்டவிட்டு வைப்பார்கள். அவர் வந்ததும் முதலில் அதைப் பார்ப்பார். “என்னய்யா இது, தண்ணி வீணாப் போகுது, வாஷரை மாத்து” என்று அதிகாரமாகச் சொல்வார். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு மன்னிப்புக் கேட்பார். குறை கண்டுபிடித்த திருப்தியில் இன்ஸ்பெக்டர் கிளம்பிவிடுவார். கொல்லைப்பக்கம் போகமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இப்படி ஏமாந்திருக்கிறேன். அந்தக் கதையைச் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, என் மகளுக்கு அது மனப்பாடம்.

இன்றைக்கு அவள் எனக்காக ஒரு குழாயைச் சொட்டவிட்டிருக்கிறாள்.

அப்படியென்றால் கொல்லையில் என்ன இருக்கிறது? நடை தானாக மெதுவானது. பையனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா? கடனா? நோயா? முன்னால் மூன்று பேரும் பேசிக்கொண்டே போனார்கள். என் மனைவி எதற்கோ அவன் தோளில் தட்டிச் சிரித்தாள். பார்த்து அரை நாள் ஆகாத பையனின் தோளில். நான் எதுவும் கேட்கவில்லை. கொல்லைக்குப் போவதற்கு முன்னால் கேள்வி கேட்கக் கூடாது என்பது என் வேலையின் பாலபாடம்.

குடியிருப்பு ஒரே வரிசையாக ஓட்டுக்கூரை வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் சின்ன சைக்கிளோ, உலர்த்திய குழந்தைத் துணியோ இருந்தது. பையனின் வீடு கடைசி. முன்னறை, ஒரு படுக்கையறை, சமையலறை. சுத்தமான வீடு. நாற்காலி போட்டான். மகள் சுவரையும் ஜன்னலையும் புதிதாகப் பார்ப்பதுபோல் சுற்றிப் பார்த்தாள். “பரவால்லையே, நல்லாத்தான் வெச்சிருக்கீங்க” என்றாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள் என்று பட்டது.

“நான் டீ போடறேன்” என்று என் மனைவி சமையலறைக்குள் போனாள். நானும் கை கழுவுகிற சாக்கில் பின்னால் போனேன்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள், பாத்திரத்தை வைத்தாள். பிறகு மேல் வரிசையில் இருந்த மூடிய அலமாரிகளில் மூன்றாவதைத் திறந்து சர்க்கரை டப்பாவை எடுத்தாள். நேராக மூன்றாவதை. திரும்பினாள், வாசலில் நான். டப்பாவோடு அப்படியே நின்றாள். பிறகு, என்ன செய்வது என்று தெரியாமல், டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே முதல் அலமாரியைத் திறந்து, “சர்க்கரை எங்க வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை?” என்று முன்னறையைப் பார்த்துக் கேட்டாள். இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியும் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளாதவள்.

நான் கை கழுவுகிற தொட்டிப் பக்கம் போனேன். அங்கே இருந்தது அது.

குழாயின் மூக்கில் ஒரு கம்பளி நூல் கட்டியிருந்தது. ஒரு முனை குழாயைச் சுற்றி முடிச்சு, மறுமுனை தொட்டியின் ஓட்டைவரை நீளமாகத் தொங்கியது. குழாயிலிருந்து கசிகிற துளி நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

இது எங்கள் வீட்டு வழக்கம். ஊர்க் கசிவெல்லாம் கண்டுபிடிக்கிறவன் வீட்டுக் குழாய் வருஷக்கணக்காகச் சொட்டுகிறது. சுவரை உடைத்துத்தான் சரி செய்யவேண்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். பரீட்சைக்குப் படிக்கிற காலத்தில் மகளுக்குச் சொட்டுச் சத்தத்தில் தூக்கம் வராது. ஒரு நாள் அவளே பழைய ஸ்வெட்டரைப் பிரித்து நூல் கட்டினாள். சத்தம் நின்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குழாய்க்கு நூல்தான் வைத்தியம். வேறு எந்த வீட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை. எத்தனை ஆயிரம் குழாய் பார்த்தவன் நான்.

நூலைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளையாக உப்புப் படிந்து விறைத்திருந்தது. இந்த வாரம் கட்டியதில்லை, இந்த மாதமும் இல்லை. பகலில் வந்து போகிறவர்களுக்குச் சொட்டுச் சத்தம் கேட்கவே கேட்காது. இந்த வீட்டில் படுத்துத் தூங்குகிறவளுக்குத்தான் அது கேட்டிருக்கும்.

சமையலறைக் கதவைத் திறந்து நிஜமாகவே கொல்லைப்பக்கம் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“இந்த வரிசையில தனி ஆளுங்க யாரும் இல்லையாம்மா?” என்று சாதாரணமாகக் கேட்டேன்.

“தனி ஆளுக்கு யாரு சார் வீடு தருவா? அவங்களுக்கு ஷெட்டுதான். கல்யாணத்தைப் பதிவு பண்ணியிருந்தாத்தான் இங்க சாவியே கையில கொடுப்பாங்க” என்று சொல்லிவிட்டு, கிளிப்பைப் பல்லில் கடித்தபடி என்னைப் பார்த்தாள். “நீங்க அந்தப் பொண்ணோட அப்பாவா? அம்மா அடிக்கடி வருவாங்களே. உங்களை இப்பத்தான் பார்க்கிறேன்.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம். உள்ளே போய்த் தேநீர்ப் பாத்திரத்தைத் தட்டிவிடலாமா என்கிற அளவுக்குக் கோபம். நீங்க சரின்னு சொல்லாம கட்டிக்க மாட்டேன் என்றாளே. மாசத்துக்கு ஒரு தடவை அக்கா வீடு, அக்கா வீடு என்று பை தூக்கிக்கொண்டு கிளம்பினாளே என் மனைவி. அருவி, பெஞ்சு, ஷட்டர், மழை, எல்லாம் எனக்காகப் போட்ட நாடகம். பெற்ற மகளும் கட்டிய மனைவியும் சேர்ந்து என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார்கள்.

கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் கொஞ்சம் இறங்கியதும் அடியில் இருந்தது தெரிந்தது. பதிவு அலுவலகத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? பையனின் கையெழுத்தைப் பழைய கையெழுத்தோடு ஒத்துப் பார்த்திருப்பேன். பதிவாளரிடமே அடையாள அட்டை கேட்டிருப்பேன். என் மகள் சாட்சிகளுக்கு நடுவில் தலை குனிந்து நின்றிருப்பாள். நான் தெருமுனையில் திரும்பும்போதே கதவைச் சாத்திக்கொள்கிற வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. என் வீடும் அதில் ஒன்று என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மகள் இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். சுவர் மேல் சாய்ந்து நின்றாள்.

“சொல்லுங்கப்பா” என்றாள். “பார்த்துட்டீங்க, பேசிட்டீங்க. சரியா, இல்லையா?”

வாயில் எத்தனையோ வந்தது. இல்லை என்று சொன்னால் என்ன செய்வார்கள் என்று பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. இதே வேலையில் நான் வேறொருவர் வீட்டில் நின்றிருந்தால் குழாயைத் துண்டித்துச் சீல் வைத்திருப்பேன்.

“சரிம்மா” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “அவ்வளவுதானா?”

“வேற என்ன?”

“இன்னும் ஏதாவது கேளுங்கப்பா. நீங்க எப்பவும் கடைசியா ஒண்ணு கேப்பீங்களே.”

“கேக்கிறதுக்கு ஒண்ணும் இல்லம்மா.”

கோப்பை அவள் கையிலிருந்து சாய்ந்து தேநீர் சுவரில் வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கேள்வி கேட்காத அப்பாவை அவள் பார்த்ததே இல்லை. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“எப்பப்பா தெரிஞ்சது?”

“இப்பத்தான்.”

“மாசக்கணக்கா சொல்லணும்னு... போன்ல சொல்ல வரல. வீடு வேற உடனே எடுக்கலேன்னா வேற ஆளுக்குப் போயிடும்னாங்க. அதான் அவசரமா... அம்மாவைத் திட்டாதீங்க. நான்தான் சத்தியம் வாங்கிட்டேன்.”

நான் தேநீரைக் குடித்தேன். சர்க்கரை என் அளவுக்குச் சரியாக இருந்தது.

“அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே” என்றேன். “அப்புறம் எதுக்கு என்னை இவ்வளவு தூரம் வரவெச்சு சரியா இல்லையான்னு கேக்கிற?”

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“கையெழுத்துப் போட்டதோட சரிப்பா. இன்னைக்கு வரைக்கும் எனக்குக் கல்யாணம் ஆன மாதிரியே இல்ல. நீங்க சரின்னு சொல்லலையே.”

அது உள்ளத்திலிருந்து வந்த வார்த்தையா, அப்பாவைச் சமாதானப்படுத்த அந்த நேரத்துக்கு வாயில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். பிறந்த நாளிலிருந்து பார்க்கிற முகம், அதில் எனக்குத் தப்பாது. நான் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, “அதான் சொல்லிட்டேனேம்மா, சரின்னு” என்றேன்.